கூட வந்தவள்

உக்காரும்மா, ஃபேன் கீழ உக்காரு. வேலைக்காரி இப்பதான் ரூம கழுவி விட்டிருக்கா, தரை காயட்டும். ஈரத்துல கால வெச்சி வழுக்கி விழுந்தீன்னா, வீட்டுக்காரரப் பாத்துக்க வந்த நீயும் அவர் பக்கத்து பெட்ல படுக்க வேண்டியதுதான். சிரிக்காத. அப்படிப் படுத்தவங்கள நான் பாத்திருக்கேன்.

எந்த ஊரு சொன்ன? ஏரலா? தூத்துக்குடிப் பக்கம். சரி சரி. அந்த ஊர்க் காத்து வேற, இந்த வேலூர் காத்து வேற. இங்க சுத்தி மலை, அதுவும் மொட்டப் பாறை. பகலெல்லாம் வாங்கி வெச்ச சூட்டப் பொழுது சாஞ்சப்புறம் கக்கும். முதல் மூணு நாளு உனக்குத் தல சுத்தும், நாக்கு வறளும். பயப்படாத. உப்பும் சக்கரையும் போட்டு ஒரு பாட்டில் தண்ணி கையோட வெச்சிக்கோ.

பதினெட்டு வருஷமா இந்த லாட்ஜ நடத்தறேன். ஒம்போது ரூமு. என் பேரு தெய்வநாயகி. ஆனா இந்தச் சந்துல அந்தப் பேரச் சொல்லிக் கேட்டீன்னா ஒருத்தனுக்கும் தெரியாது. மாஷி லாட்ஜ் எதுன்னு கேளு, கைக்கொழந்த கூட காட்டும். மாஷின்னா வங்காளத்துல பெரியம்மா, சித்தி. இங்க வர்றவங்கள்ல பாதிக்கு மேல அந்தப் பக்கத்து ஜனங்கதான், ரெண்டு நாளு ரயில்ல உக்காந்து வருவாங்க. அவங்களோட பேசிப் பேசி அந்த பாஷையும் எனக்கு அரையும் கொறையுமா வந்துடுச்சி.

பேஷண்ட்ட ஆஸ்பத்திரி பாத்துக்கும். காலைல ஒரு டாக்டர் வருவாரு, சாயங்காலம் ஒரு டாக்டர் வருவாரு. கூட வந்தவங்கள யாரு பாத்துக்கறது? நான்தான். அதனால சொல்றேன், காதுல வாங்கிக்கோ. வாசல்ல வண்டில பழம் வெட்டி வெச்சி விப்பான், அந்தாண்ட திரும்பியே பாக்காத. கரும்பு ஜூஸ்ல ஐஸ் போடாதன்னு சொல்லுவ, நீ வாயத் தொறக்கறதுக்குள்ள போட்டுடுவான், அதனால குடிக்கவே வேணாம். இட்லி ஆவி பறந்தா சாப்புடு, சட்னிய தொடாத. அப்புறம் முக்கியமா ஒண்ணு. அவரே சாப்புடல, நான் மட்டும் எப்பிடி சாப்புடறதுன்னு பத்தினி வேஷம் போடாத. மயக்கம் போட்டு விழுந்தா தூக்கறதுக்கு இங்க ஆளு கெடையாது.

இவ்ளோ பேசறனே, வர்றவங்க எல்லாரும் மண்டைய மண்டைய ஆட்டிட்டுப் போயி பானிபூரி துன்னுட்டு வருவாங்க. நான் சொன்னத ஒண்ணு விடாம கேட்டவ ஒருத்திதான். மினோதி. அவளுக்குத்தான் அப்படி ஆச்சி.

அஞ்சு வருஷம் ஆச்சிம்மா. ஆவணி மாசம் புருஷனும் பொண்டாட்டியுமா வந்தாங்க. வங்காளத்துல பாங்குரான்னு ஒரு ஊரு. அவன் பேரு சுபல், சின்னப் பசங்க ஸ்கூல்ல வாத்தியாரு. ரெண்டு கிட்னியும் போச்சி அவனுக்கு. வாரம் மூணு தபா டயாலிசிஸ். கழுத்துல குழாய் சொருகி, பிளாஸ்திரி ஒட்டிக்கினு, அத மறைக்க எப்பவும் ஒரு துண்டு போட்டுக்கினு இருப்பான். மினோதிக்கு அப்போ முப்பத்தஞ்சு இருக்கும். பத்து வயசுப் பொண்ணு, துலின்னு பேரு, அதக் கொழுந்தனார் வீட்டுல விட்டுட்டு வந்திருந்தா.

கிட்னி யாரு குடுக்கறது? அவன் அம்மாக்காரிக்குச் சக்கரை. அண்ணங்காரன் போன எடுக்கறதே இல்ல. தம்பிக்காரன் ரத்தம் சேரல. இவ ரத்தமும் அவன் ரத்தமும் ஒரே குரூப்பு. நான் தரேன்னுட்டா. அந்தக் கமிட்டி இந்தக் கமிட்டின்னு கூப்புட்ட எடத்துக்கெல்லாம் போயி, நான் இஷ்டப்பட்டுத்தான் தரேன்னு சொல்லிட்டு வந்தா. எல்லாம் முடிஞ்சி கார்த்திக அஞ்சாந்தேதி ஆபரேஷன்னு தேதி குடுத்துட்டாங்க.

டாக்டரு அவகிட்ட சொன்னாராம், அதுவரைக்கும் உனக்கு ஒரு சளி காய்ச்சல் வரக்கூடாது, உன் ஒடம்புக்கு ஒண்ணுன்னா ஆபரேஷன் தள்ளிப் போயிடும், அவரால ரொம்ப நாளு தாங்க முடியாதுன்னு. அத வந்து எங்கிட்ட சொல்லி அழுதா. ஊரு புதுசு, பாஷை தெரியாது, நான் எப்பிடி மாஷி ஒடம்பு கெடாம இருக்கறதுன்னு கேட்டா. நான் அவ கையப் புடிச்சி, எம் பொண்ணு மாதிரி உன்னப் பாத்துக்கறேன், உன்ன ஒரு குறையில்லாம ஆபரேஷன் டேபிள்ல கொண்டு போயி படுக்க வெக்கறது என் பொறுப்புன்னு சொன்னேன். சொன்னேன்மா. என் வாயால சொன்னேன்.

அதுக்கப்புறம் அவள விட்டனா பாரு. காலைல மொட்ட மாடில நாப்பது சுத்து நடக்க வெப்பேன். வாரத்துல ரெண்டு நாளு நிலவேம்புக் கஷாயம். கசப்புல மூஞ்சி கோணும், மூக்கப் புடிச்சிக்கினு குடிப்பா. மீனு வாங்கினா நான் செவுள தூக்கிப் பாத்து சரின்னு சொன்னாதான் சமைக்கணும். சுத்த சைவம் நானு! மூக்குல முந்தானைய வெச்சிக்கினு மீன் செவுளப் பாத்தேன், யாருக்காக? அந்த சுபலு சிரிப்பான். "மாஷி, பேஷண்டு நானா அவளா? என்னை யாரும் கண்டுக்கறதே இல்லையே"ம்பான். "போடா, உனக்குள்ள போகப்போற கிட்னியத்தான்டா பாத்துக்கினு இருக்கேன்"ம்பேன். அவன் துண்டால வாயப் பொத்திக்கினு குலுங்கிக் குலுங்கி சிரிப்பான்.

புரட்டாசில அவங்க பூஜை வந்துது. இங்கயே ஒரு கல்யாண மண்டபத்துல துர்க்கைய வெச்சி கும்புடுவாங்க. கூட்டம் வேணாம், போவாதன்னேன். ஒரே ஒரு தபா பூ போட்டுட்டு வந்துடறேன் மாஷின்னு கெஞ்சினா. சரின்னு விட்டேன். நான் இன்னிக்கும் சொல்லுவேன், அங்கதான் ஏதோ கடிச்சிருக்கும். டாக்டரு இல்லங்கறாரு, ஒரு மாசத்துக்கு முன்ன கடிச்சது இப்ப வராது, பத்து நாளைக்குள்ள கடிச்சதுதான்னாரு. டாக்டருன்னா எல்லாம் தெரிஞ்சிடுமா? உள்ளயே இருந்து மெதுவா வேல செஞ்சிருக்கும்.

அவசரப்படாத, வரேன். ஐப்பசி பொறந்ததும் அவளுக்கு ரெண்டு நாளு வயித்தால போச்சி. நான் பதறிப் போயிட்டேன். கேன் தண்ணிதான் காரணம். போர் தண்ணி உப்பு, கார்ப்பரேஷன் தண்ணி எப்ப வரும்னு யாருக்கும் தெரியாது, கேன் தண்ணிய எங்க புடிக்கிறானோ ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம். எனக்கு அவமானமாப் போச்சி. மாஷி லாட்ஜ்ல தங்கினவளுக்கு வயித்தால போச்சின்னா நான் இன்னாத்துக்கு இருக்கேன்? அந்த வாரமே மழை புடிச்சிக்கிச்சி. வானத்துல இருந்து நேரா வர்ற தண்ணில இன்னா அழுக்கு இருக்கும்னு தோணிச்சி.

புதுசா ஒரு நீல டிரம் வாங்கினேன். வெந்நீ ஊத்தி மூணு தபா கழுவினேன். மொதல் மழைய மொட்ட மாடி கழுவிக்கினு போவட்டும்னு விட்டுட்டு, ரெண்டாவது மழைலதான் புடிச்சேன். எங்க வீட்டுக்காரரோட மெல்லிசான வெள்ள வேட்டி, அவரு போனப்புறம் நான் யாருக்கும் குடுக்காம வெச்சிருந்தது, அதக் கிழிச்சி டிரம் வாய்ல கட்டினேன். கண்ணாடி மாதிரி தண்ணிம்மா. அடில ஒரு ஊசி கெடந்தா தெரியும். அத அவங்க ரூமு ஜன்னலாண்ட, மாடிப்படிக்குக் கீழ நெழலா வெச்சேன். மினோதிக்கு மட்டும்தான் அந்தத் தண்ணி. அதுலயும் கொதிக்க வெச்சி ஆற வெச்சித்தான் குடுப்பேன். அதுக்கப்புறம் அவளுக்கு வயிறு ஒரு நாளு கூட சத்தம் போடல. அந்தப் படிக்கட்டு நெழல்லயே ஸ்டவ்வ வெச்சி சமைப்பா, வெண்டிக்கா நறுக்குவா, மத்தியானம் பூரா அங்கயே உக்காந்து பொண்ணோட போன்ல பேசுவா.

கார்ப்பரேஷன்ல இருந்து கொசுப்புழு பாக்கறதுக்குன்னு ஒரு பொண்ணு வரும். சத்யகலான்னு பேரு. ஒரு கைல டார்ச்சி, ஒரு கைல மருந்து பாட்டில். ஒவ்வொரு வாரமும் வந்து, தொட்டி, டிரம்மு, ஃபிரிட்ஜிக்குப் பின்னால, பூந்தொட்டிக்கு அடியில எல்லாம் டார்ச்சி அடிச்சிப் பாக்கும். தண்ணி இருந்தா மருந்து ஊத்தும், இல்லன்னா கவுத்துடும். மத்த டிரம்முலெல்லாம் ஊத்திக்கோன்னு விட்டுடுவேன். இத எப்பிடி விடறது? கிட்னி குடுக்கப் போறவ குடிக்கிற தண்ணிம்மா அது! அதுல போயி மருந்து ஊத்த விடுவனா? டிரம்மு மேல ஒரு பெரிய கூடைய கவுத்து, அது மேல பழைய கோணிய போட்டு வெச்சிடுவேன். அந்தாண்ட பேஷண்ட் தூங்கறாரு, போவாதன்னுவேன். மூணு வாரம் அப்படித்தான் அனுப்பினேன். அதுவும் நல்ல பொண்ணு, பேஷண்ட்டுன்னா சத்தம் போடாம போயிடும்.

ஆபரேஷனுக்குப் பத்து நாளு இருக்கு. தினம் காலண்டர் தாள கிழிக்கும்போது இன்னும் இத்தினி நாளுன்னு அவகிட்ட சொல்லுவேன். அன்னிக்குக் காலைல மாடில நடக்க வரல. போயிப் பாத்தா போத்திக்கினு படுத்திருக்கா. தொட்டா அடுப்பு மாதிரி கொதிக்குது. கண்ணுக்குப் பின்னால வலிக்குது மாஷி, எலும்ப முறிச்சிப் போடற மாதிரி இருக்குதுங்கறா. ஆட்டோ புடிச்சி இட்டுனு போனேன். டெங்குன்னுட்டாங்க.

பிளேட்லெட்டு எறங்கிக்கினே போச்சி. பதினெட்டாயிரத்துக்கு வந்துது. ஈறுல ரத்தம். புருஷன் ஒரு கட்டடத்துல டயாலிசிஸ்ல, பொண்டாட்டி இன்னொரு கட்டடத்துல. நான் ரெண்டுக்கும் நடுவுல கஞ்சிப் பாத்திரத்த தூக்கிக்கினு ஓடினேன். சுபலு டயாலிசிஸ் முடிஞ்சி நேரா அவ வார்டுக்கு வெளிய வந்து பெஞ்சில உக்காந்துக்குவான். நிக்க முடியாது அவனால, ஆனா ரூமுக்கு வர மாட்டான். எங்கிட்ட சொன்னான், "கிட்னியெல்லாம் வேணாம் மாஷி. அவ எழுந்து உக்காந்தா போதும்." அப்படியே என் தோள்ல சாஞ்சி அழுதான்மா. ஒரு ஆம்பள அப்படி அழுது நான் பாத்ததில்ல.

நான் கும்புடாத சாமியில்ல. பப்பாளி எலைய இடிச்சி சாறு எடுத்துக்கினு போனேன், நர்சு திட்டி அனுப்பிடுச்சி. எப்பிடியோ ஏழாவது நாளு ஏற ஆரம்பிச்சிது. மினோதி பொழைச்சிட்டா.

அந்த ஏழு நாளைக்குள்ளதான் சத்யகலா வந்துது. டெங்கு கேஸுன்னா ஆஸ்பத்திரில இருந்து அட்ரஸ் போயிடுமாம். இந்தத் தபா கூட ரெண்டு பேரு. நான் தடுக்கறதுக்குள்ள நேரா படிக்கட்டாண்ட போயி, கோணிய எடுத்து, கூடைய எடுத்து, வேட்டிய அவுத்து டார்ச்சி அடிச்சிது. அந்த வேட்டி நடுவுல தொஞ்சி போயி தண்ணியத் தொட்டுக்கினு இருந்துது, ஓரத்துல விரல் நொழையற அளவுக்கு கேப்பு. அந்தப் பொண்ணு "வந்து பாருங்கம்மா"ன்னுது. பாத்தேன். துளித்துளியா புழு நெளியுது.

நான் ஒத்துக்கல. நல்ல தண்ணிம்மா இது, சாக்கடையாண்ட போயி பாரு, கொசு அங்கதான் மொய்க்குதுன்னு சத்தம் போட்டேன். அது சொல்லுது, "சாக்கடைல இருக்கறது வேற கொசும்மா. இது நல்ல தண்ணிலதான் முட்டை வெக்கும். பகல்லதான் கடிக்கும்." கேக்கறதுக்கே கோவமா இல்ல? அழுக்குல வராதாம், சுத்தத்துல வருமாம். ஊர்ல இருக்கற சாக்கடைய மூடத் துப்பில்ல, என் டிரம்ம கவுக்க வந்துட்டாங்க. கவுத்துட்டாங்க. முற்றம் பூரா ஓடிச்சி. நான் பாத்துக்கினே நின்னேன்.

எனக்கு இன்னிக்கும் அதுல நம்பிக்கை வரல. சொல்லிட்டேன்.

மினோதிய லாட்ஜுக்கு இட்டுனு வந்தேன். ஆபரேஷன் தேதி போச்சி. ஒடம்பு தேறணும், மூணு மாசம் போவட்டும்னுட்டாங்க. சுபலு சரின்னுதான் சொன்னான். இன்னும் கொஞ்ச நாளு மாஷி கையால திட்டு வாங்கலாம்னு சிரிச்சான். மார்கழி பொறந்து நாலாவது நாளு டயாலிசிஸ்ல இருக்கும்போதே குளிர் ஜுரம் தூக்கிப் போட்டுது. கழுத்துக் குழாய் வழியா கிருமி ரத்தத்துல கலந்துடுச்சாம். ஐ.சி.யு.ல மூணு நாளு. அவ்ளோதான்.

ஊருக்கு எடுத்துக்கினு போவ முடியல. பாலாத்தங்கரையிலயே எரிச்சோம். அவன் தம்பி மட்டும் விமானத்துல வந்தான். எல்லாம் முடிஞ்சி ரூமுக்கு வந்தா, மினோதி ரெண்டு கையையும் எம் முன்னால நீட்டறா. அவங்கள்ல கல்யாணம் ஆனவங்க வெள்ளையா ஒரு சங்கு வளையல், சிவப்பா ஒண்ணு போட்டிருப்பாங்க. புருஷன் போனா அத ஒடைக்கணுமாம், பெரியவங்க யாராவது ஒடைக்கணுமாம். எனக்கு இந்த ஊர்ல உங்கள விட்டா யாரு மாஷிங்கறா. நானும் தாலிய எடுத்தவதான், அந்த வலி எனக்குத் தெரியாதா? அம்மிக் குழவிய எடுத்து நான்தான்மா ஒடைச்சேன். வலது கை ஒரே அடில ஒடைஞ்சிது. இடது கை ஒடையல, மூணு தபா அடிச்சேன்.

மறுநாளு ரயிலு. பொட்டிய ஆட்டோல ஏத்திட்டு உள்ள வந்து, என் கால்ல தலைய வெச்சா. "நீங்க இல்லன்னா நானும் செத்திருப்பேன் மாஷி, துலிக்கு அம்மாவும் இல்லாம போயிருப்பா"ன்னா. சொல்லிடலாம்னு நெனைச்சேன். அந்த டிரம்முல புழு இருந்துது, அந்தப் பொண்ணு இப்பிடிச் சொல்லுதுன்னு. சொல்லி இன்னா ஆவப் போவுது? செத்தவன் வருவானா? அதுவும் நிச்சயமாத் தெரியாத விஷயம். நல்லாயிரும்மான்னு தலைல கைய வெச்சேன். ரெண்டு கிட்னியோட வந்தவ ரெண்டு கிட்னியோடவே திரும்பிப் போனா.

வருஷா வருஷம் போன் பண்ணுவா. பூஜை முடிஞ்ச மறுநாளு பெரியவங்களுக்கெல்லாம் வணக்கம் சொல்லுவாங்க அவங்க. "ப்ரொணாம் மாஷி"ன்னு அவ ஆரம்பிக்கும்போதே நான் துலி எப்பிடி இருக்கான்னு கேட்டுப் பேச்ச மாத்திடுவேன். துலி பத்தாவது வந்துட்டா, நல்லாப் படிக்கிறா, அவ அப்பா ஸ்கூல்லயே எனக்கு சமையல் வேல போட்டுக் குடுத்திருக்காங்கன்னு சொல்லுவா. நாலு வருஷம் தவறாம பண்ணினா.

இந்த ஆவணில, பூஜையும் இல்ல ஒண்ணும் இல்ல, பகல் பதினோரு மணிக்கு அவ போன். துலிக்கு மூணு நாளா காய்ச்சலாம். கண்ணுக்குப் பின்னால வலிங்கறாளாம். ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போடீன்னேன். சாயங்காலம் போறோம் மாஷி, நீங்க எனக்குக் குடுத்தீங்களே அந்தக் கசப்புக் கஷாயம், அது எப்பிடி வெக்கறதுன்னு கேட்டா. சொல்லிக்கினே இருக்கேன். அப்ப அவ சொல்றா, "எங்கிருந்து வந்துதுன்னே தெரியல மாஷி. நான் எவ்ளோ ஜாக்கிரதையா இருக்கேன் தெரியுமா? நீங்க எனக்கு செஞ்ச மாதிரியேதான். புது டிரம்முல மழைத் தண்ணி புடிச்சி, வெள்ளத் துணி கட்டி, ஜன்னலாண்ட வெச்சி, காய்ச்சித்தான் அவளுக்குக் குடுக்கறேன்."

எனக்கு நம்பிக்கை இல்லன்னு இப்பதான உங்கிட்ட சொன்னேன்? ஆனா வாய் கேக்கலம்மா. "ஃபேலே தாவ்! ஃபேலே தாவ்!"னு கத்தறேன். கொட்டிடு, கொட்டிடு, இப்பவே போயி கொட்டிடுன்னு. தெருவுல போறவன் நின்னு பாக்கறான். ஏன் மாஷி, நல்ல தண்ணிதானங்கறா. நல்ல தண்ணிலதான்டீ அது வளருதுன்னேன்.

அவ கத்தல, அழல, சாதாரணமா கேட்டா. "உங்களுக்கு எப்பத்துல இருந்து தெரியும் மாஷி?"

நான் வாயத் தொறக்கறதுக்கு முன்னாடியே அவ வெச்சிட்டா.

இந்த வருஷம் பூஜை முடிஞ்சி ஒரு மாசம் ஆவுது. போன் வரல. ஒருவேள பொண்ணு நல்லாயி, எம்மேல கோவத்துல பண்ணாம இருக்கா. இல்ல வேற ஏதாவது... வேணாம், அத நான் சொல்ல மாட்டேன். கோவமாத்தான் இருக்கணும். கோவமா இருந்தா நல்லதும்மா, ஜென்மத்துக்கும் இருக்கட்டும், தினம் என்னத் திட்டட்டும். ஆனா அந்தப் பொண்ணு பொழைச்சாளா இல்லையான்னு தெரிஞ்சிக்கணும்னா, இனிமே நான்தான் போன் போடணும்.